ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு பில்ரர்

முப்பத்தேழு தரம் அமுக்கவேண்டும். புதிய டீசல் பில்ரரைப் பூட்டிய பிறகு, அதன் தலையில் இருக்கிற சின்னக் கைப்பம்பைப் பெருவிரலால் அமுக்கி அமுக்கி டீசலை ஏற்றவேண்டும். முதல் இருபது தரமும் பம்பு பஞ்சுபோல அமுங்கும். காற்றுத்தான் போகும். பிறகு மெல்ல இறுகி, முப்பத்தேழாவது தரத்தில் கல்லுப்போல நிற்கும். நாற்பதைத் தாண்டினால் எங்கோ காற்று இழுக்கிறது என்று கவலைப்படத் தொடங்கிவிடுவேன். நான் கவலைப்படுவதற்கு நாற்பது வரை போகத் தேவையில்லை என்பாள் என் மனைவி.

எண்ணுவது தொழில் தந்த பழக்கம். முப்பத்து நான்கு வருடம் நில அளவையாளனாக வேலை செய்தவன். ஓய்வுபெற்றுப் பதினாறு வருடமாகியும் இணுவிலில் எனக்குச் 'சேவையர்' என்பதுதான் பெயர். எங்கள் படலையிலிருந்து கோயில் வீதிக்கு எத்தனை அடி, மனைவியின் குளிசைப் பெட்டியில் எத்தனை மிச்சம் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

இந்த டீசல் வான் வீட்டுக்கு வந்தது அவளுடைய முதுகால். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவளால் இருபது நிமிடத்துக்குமேல் கதிரையில் இருக்க முடிவதில்லை. நிற்கலாம், பத்து அடி நடக்கலாம், படுக்கலாம். இருந்தால் வலி காலுக்கு இறங்கிவிடும். அவளுடைய அக்கா வவுனியாவில் இருக்கிறா. பாரிசவாதம் வந்து அவவும் படுக்கையில். ஆறு பேர் பிறந்த வீட்டில் இந்த இரண்டு பேரும்தான் மிச்சம். ஒருத்தி இருக்கமாட்டாள், மற்றவ எழும்பமாட்டா. பஸ்ஸும் சரிவராது, ரயிலும் சரிவராது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பழைய உயரக் கூரை வானை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒரு கட்டில் அடித்தேன். தலைமாட்டில் ஒரு காற்றாடி. கால்மாட்டில் தண்ணீர்க் கான், சின்ன காஸ் அடுப்பு, ஒரு மறைப்புத் துணி, அதற்குப் பின்னால் கொமோட் கதிரை. மாதத்தில் ஒருநாள் அந்த வானில் வவுனியாவுக்குப் போய், அக்கா வீட்டு முற்றத்தில் வானுக்குள்ளேயே ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்புவோம். அக்காவைச் சக்கரக் கதிரையில் தள்ளிவந்து பின்கதவடியில் விடுவார்கள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கதைப்பார்கள். அநேகமாகச் சண்டைதான். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஊர் இதைச் சும்மா விடுமா? பக்கத்து வீட்டுக்காரர் படலையில் நின்று கேட்பார்.

"சேவையர், உந்த வீட்டுக்கும் சோலைவரி கட்டுறியளோ?"

"ஓடுற வீட்டுக்கு எவன் வரி கேக்கிறது?"

"ஓடினால் பறவாயில்லை. நிண்டால் கேப்பாங்கள்."

நிற்கக்கூடாது என்பதில் நான் வெகு கவனமாக இருந்தேன். வான் விற்றவர் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை டீசல் பில்ரர் மாற்றினால் போதும் என்றார். நான் ஐயாயிரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். முன்னிருக்கையைத் தூக்கி, பழையதைத் திருகிக் கழற்றி, புதியதின் றப்பர் வளையத்துக்கு விரலால் டீசல் பூசி, கையால் இறுக்கி, மேலும் முக்கால் சுற்று. பிறகு முப்பத்தேழு. கொப்பியில் திகதி, கிலோமீற்றர், எத்தனை தரம் அமுக்கினேன் என்பது. முதல் நான்கு பில்ரரும் ஐயாயிரத்தை ஒழுங்காக ஓடி முடித்தன.

ஐந்தாவது இரண்டாயிரத்து நூறில் அடைத்தது. ஆறாவது தொள்ளாயிரத்தில். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க வான் இழுக்காமல், களைத்த மாடுபோலத் தலையைத் தொங்கப்போடும். பிறகு இரண்டு இருமல். பிறகு ஓய்ந்துவிடும். இரண்டு தரமும் ஊருக்குள்ளேயே நின்றதால் தப்பினேன். போலிப் பில்ரர் தந்துவிட்டான் என்று கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன். பெற்றோல் செற்றில் டீசலுக்குத் தண்ணீர் கலக்கிறார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கனடாவில் இருக்கிற மகனுக்கும் சொன்னேன். அதுதான் பிழையாகப் போனது.

"அப்பா, உங்களுக்கு எழுபத்தாறு வயசு. அம்மா பின்னாலை படுத்துக் கிடக்கிறா. நடுரோட்டிலை நிண்டால் என்ன செய்வியள்? வித்துப்போடுங்கோ."

"இனி நிக்காது."

"நிண்டால்?"

"நிண்டால் விக்கிறன். சரியோ?"

மனைவி கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். வானை விற்பது என்றால் அவளுக்கு அக்கா இல்லை என்பது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

ஏழாவது பில்ரர் அறுநூறில் அடைத்தது. முகமாலையில்.

காலை பத்து மணி. சாவகச்சேரி சந்தைச் சனநெரிசலைத் தாண்டி, கொடிகாமம் தாண்டி, நன்றாகத்தான் ஓடியது. படுத்திருப்பவளுக்கு யன்னலின் மேற்பாதி மட்டும்தான் தெரியும். கம்பிகள், பனைவட்டுகள், கோபுரத்தின் தலை. அதை வைத்தே எந்த இடம் என்று சொல்லுவாள். "ஷெல்லடி பட்ட பனையெல்லாம் தலையில்லாமல் நிக்குது. முகமாலையோ?" என்று அவள் கேட்ட நேரம் வான் முதல் தரம் இருமியது.

வீதி ஓரம் ஒதுக்கினேன். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். முப்பது அடி தள்ளி ஒரு வேம்பு நின்றது. ஆனால் அதற்கு இங்கால் மிதிவெடி அகற்றுபவர்களின் பழைய பலகை ஒன்று கம்பியில் தொங்கியது. அகற்றி முடித்த இடமா, முடிக்காத இடமா தெரியவில்லை. அவளைத் தாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் கால்வைக்க மனம் வரவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டேன். மேலதிகப் பில்ரர் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் அடுப்புப்போலக் கொதித்தது. பழையதைக் கழற்ற நாற்பது நிமிடம். கை வழுக்கியது. பூட்டிவிட்டு அமுக்கத் தொடங்கினேன். முப்பத்தேழு. எண்பது. நூற்றுப் பன்னிரண்டு.

ஒரு பஸ் பக்கத்தில் மெதுவாக்கியது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தான். கட்டில், காற்றாடி, அடுப்பு.

"என்ன ஐயா, இஞ்சையோ குடிபூரல்? பால் காய்ச்சியாச்சோ?"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். மனைவியும் சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

கடைசியில் எஞ்சின் பிடித்தது. அதற்குள் இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் போய்விட்டது. அவளுடைய முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை உப்பாகிக் கிடந்தது. ஆனையிறவு வெளியில் திரும்பவும் நின்றால் என்ன செய்வது? வவுனியாவில் அக்கா கத்தரிக்காய்க் கறி வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பா என்று தெரியும். வானைத் திருப்பினேன். அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் மகன் கனடாவிலிருந்து எடுத்தான். போன் அவளுடைய கையில்தான் இருந்தது.

"அக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். அதாலை நாங்கள் போகேல்லை. வானுக்கு ஒண்டுமில்லை. நல்லா ஓடுது."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாத்தியளோ, உங்களாலை அக்காவையும் வருத்தக்காரி ஆக்கிப்போட்டன்."

"அவ வருத்தக்காரிதானே."

"கதையாதையுங்கோ."

இரண்டு நாள் கழித்துக் குருநகரில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவளும் வருகிறேன் என்றாள். படகு எஞ்சின் திருத்துகிற மனுசன், ஐம்பது வயது தாண்டியவர். கடற்கரையோடு வீடு, வீட்டோடு பட்டறை. வானைப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்து அவளுக்கு வணக்கம் சொல்லி, காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் என்னிடம் வந்தார். நான் கொப்பியை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"சேவையர், ஆசுப்பத்திரியிலை கூட வருத்தக்காரருக்கு இப்பிடி ரிக்கற் எழுதமாட்டாங்கள்."

பிறகு முகமாலையில் கழற்றிய பில்ரரை ஒரு கண்ணாடிப் போத்திலுக்குள் கவிழ்த்து, மதிலில் வைத்துவிட்டு, பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப்போனார். அவர் பீடியை முடித்தபோது போத்திலில் மூன்று நிறம் பிரிந்திருந்தது. மேலே டீசல். அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் மண்ணிறத்தில் சளிபோல ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"உதுதான் அடைக்கிறது. தண்ணியிலை வளர்ற சீவன். கடல் எஞ்சினிலை நாங்கள் கண்டிருக்கிறம். எங்கை டீசல் அடிக்கிறனீங்கள்?"

"வீட்டுக்குக் கிட்ட இருக்கிற செற்றிலை."

"அங்கை எத்தினை வான் அடிக்குது?"

"ஐம்பது அறுவது வரும்."

"அதுகள் ஒண்டும் நிக்கேல்லை. உங்கடை மட்டும் நிக்குது."

"அவங்கள் பில்ரர் மாத்திறதில்லை. அதாலை தெரியாமல் இருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மதிலைப் பார்த்தேன். வானுக்குள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, சொல்லுங்கோவன்."

"என்னத்தை?"

"கொட்டிலுக்குள்ளை கானிலை இருக்கிறதை."

"நீர் சும்மா படும்."

"சும்மாதான் படுத்திருக்கிறன். நான் பெடியனுக்கு உங்களுக்காகப் பொய் சொன்னனான். நீங்கள் இந்தத் தம்பிக்கு ஒரு உண்மையைச் சொன்னால் தேஞ்சு போவியளோ?"

அதற்குப் பிறகும் எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது. யுத்தத்தில் பொருட்களுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் டீசல் இந்தக் குடாநாட்டுக்குள் வராது. மண்ணெண்ணெயைப் போத்திலில் அளந்து விற்றார்கள். மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குக் கீழே ஒரு பரல் டீசல் புதைத்து வைத்திருந்தேன், இறைப்பு மெசினுக்கு. அது இருந்ததால்தான் வெங்காயம் இருந்தது. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லவேண்டும். முக்கியமாக, எழுதக்கூடாது. வேர்க்கடலை விதைத்த கணக்குக்கூட எழுதிவைக்கிற நான் அந்தப் பரலை எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. பிறகு எத்தனையோ வருடம் கழித்து, நாடு முழுக்க எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. இவளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஐம்பத்தொரு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். அது முடிந்த கையோடு கான்கள் வாங்கி, டீசல் நிரப்பிக் கொட்டிலில் ஒளித்துவைத்தேன். வரிசை போய்விட்டது. கான்கள் போகவில்லை.

"எத்தினை கான் சேவையர்?" என்று மெக்கானிக் கேட்டார்.

நான் கொப்பியை வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்தேன்.

"பதினொண்டு," என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கொட்டில் பக்கம் வந்தே ஐந்து வருடம்.

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"எண்ணேக்கை வாய் அசையும். யன்னலாலை தெரியிறது. பதினொண்டோடை வாயை மூடுவியள்."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசாரித்தார். நானும் சொன்னேன். சொல்லத் தொடங்கியபின் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஒரு கான் இருபது லீற்றர். மாதம் இரண்டு கான் வானுக்கு. பழையது முதலில், பிறகு செற்றுக்குப் போய் நிரப்பிவந்து வரிசையின் கடைசியில் வைப்பது. வவுனியாவுக்குப் போகிற அன்று காலையில் எப்போதும் கானிலிருந்துதான்.

"கானை முழுக்க ஊத்திறனீங்களோ?"

"சீச்சீ. அடியிலை இரண்டு விரல் விட்டிட்டுத்தான் ஊத்துவன். அடிக்கசண்டு வானுக்குள்ளை போகக்கூடாதெல்லே."

"பிறகு அந்த இரண்டு விரலுக்கு மேலை புதுசை ஊத்திக் கலக்கிறது?"

"ஓம்."

"எத்தினை வருசமா?"

"மூண்டு வருசம் கடந்திட்டுது."

அவர் போத்திலைத் தூக்கி வெயிலில் பிடித்தார்.

"அப்ப மூண்டு வருசமா இதை வளக்கிறியள். ஆட்டை வளத்திருந்தால் இறைச்சியெண்டாலும் கிடைச்சிருக்கும்."

"நாங்கள் சைவம்."

"அப்ப பாலெண்டாலும் கிடைச்சிருக்கும்."

வானுக்குள் அவள் சிரித்து, சிரித்ததில் முதுகு பிடித்து, "ஐயோ" என்றாள். நான் மதிலில் இருந்துவிட்டேன். அடைத்த மூன்று பில்ரர். கடைக்காரனோடு சண்டை. செற்றைப் பற்றி ஊரெல்லாம் சொன்னது. கொப்பியில் எல்லாம் இருந்தது, இந்த ஒன்றைத் தவிர.

வானின் டீசல் தாங்கியைக் கழற்றிக் கழுவ இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் மெக்கானிக் சின்ன லொறி ஒன்றில் இணுவிலுக்கு வந்தார். எஞ்சின் பாகம் கழுவ இந்த டீசல் உதவும் என்று கான்களை ஏற்றினார். நான்தான் ஒவ்வொன்றாகக் கொட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பத்தாவதைக் கொடுத்தபின் கை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. பதினோராவது கானின் பிடியில் கையை வைத்தபடி நின்றேன். முதுகு நோவதுபோலப் பாவனை செய்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார்.

"அம்மா, ஒண்டை விடட்டோ?"

"விடுங்கோ தம்பி. இல்லாட்டி மனுசன் நித்திரை கொள்ளாது."

"அப்ப சேவையர், இதைத் தலைகீழாக் கவிட்டுக் கழுவி, வெயிலிலை காயவிட்டு நிரப்புங்கோ. மாசத்துக்கொருக்கா முழுதா வானுக்குள்ளை ஊத்தவேணும். முழுதா. விரல் விடுறேல்லை. பில்ரருக்கு அடியிலை திருகாணி இருக்கு, வெளிக்கிட முதல் அதைத் திறந்து ஒரு கோப்பை வடிச்சுப் பாருங்கோ. தண்ணி தெரிஞ்சால் வெளிக்கிடாதையுங்கோ."

அடுத்த மாதம் வெளிக்கிட்டோம். அதற்கு முதல்நாள் ஒன்பதாவது பில்ரரைப் பூட்டினேன். முப்பத்தாறிலேயே கல்லானது. ஒன்று குறைந்ததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கோப்பையில் வடித்துப் பார்த்தேன். சுத்தம். கொடிகாமத்தில் நிறுத்தி மறுபடி வடித்தேன். சுத்தம். முகமாலைக்கு இங்கால் நிறுத்தப் பார்த்தேன்.

"திரும்பவும் நிப்பாட்டினால் நான் இறங்கி நடப்பன்," என்றாள்.

"பத்தடிதான் நடப்பீர்."

"பத்தடி நடந்திட்டு அங்கை நிண்டு உங்களைத் திட்டுவன். போங்கோ."

போனேன். இரண்டு கையாலும் ஸ்ரியறிங் வளையத்தைப் பிடித்தபடி, எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றையும் கேட்காமல் போனேன். ஒவ்வொரு கிலோமீற்றர் கல்லும் தோளில் இறங்கியது. அந்த வேம்பு வந்தது, போனது. ஆனையிறவில் காற்று வானைத் தள்ளியது. அவளுக்கு யன்னலில் ஆகாயம் மட்டும்தான். "வெறும் வெளி. கடந்திட்டம்," என்றாள். வவுனியாவில் அக்கா பின்கதவடியில் இருந்து அவளுடைய கையைப் பிடித்த உடனே, கோணிய வாயால், போன மாதத்துக் கத்தரிக்காய்க் கறி பழுதாய்ப் போனதைப் பற்றிப் பேசத் தொடங்கினா. நான் முன்னிருக்கையில் தலையைச் சாய்த்தேன். வயது முழுவதும் அந்த ஒரு நாளில் வந்து ஏறியதுபோல இருந்தது.

திரும்பி வந்த மறுநாள் மகன் எடுத்தான். அவள் போனை எடுத்து, கேட்காமலே என் கையில் தந்துவிட்டாள்.

"பெரியம்மா எப்பிடி? வான் எப்பிடி ஓடுது அப்பா?"

"இப்ப நல்லா ஓடுது. போன மாசம் முகமாலையிலை நிண்டது. இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிசமும். அம்மா உனக்குச் சொல்லேல்லை."

நான் நிறுத்தவில்லை. கசண்டு, போத்திலில் நின்ற மூன்று நிறம், கொட்டிலுக்குள் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"வானிலை பிழையில்லை. பிழை என்னிலை. விக்கிறனெண்டு சொன்னனான்தான். நீ சொன்னால் விக்கிறன்."

கட்டிலில் அவள் அசையாமல் படுத்திருந்தாள்.

"அந்தக் கொட்டிலோ?" என்றான் மகன். "வைக்கோலுக்குக் கீழை பரல் இருந்த கொட்டிலோ?"

"அதே கொட்டில்தான். உனக்கு நினைவிருக்கோ?"

"மறப்பனோ? ஒன்பது வயசு எனக்கு. ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லச் சொன்னனீங்கள். பள்ளிக்கூடத்திலை வாத்தியார் வீட்டிலை மாடு இருக்கோ எண்டு கேட்டவர். நான் பயத்திலை அதையும் இல்லையெண்டிட்டன்."

அவள் களுக்கென்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மாவைப் பெரியம்மாட்டைக் கொண்டுபோங்கோ," என்றான். "விக்கவேண்டாம். ஆனால் எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. இப்ப கொட்டிலுக்குள்ளை எத்தினை கான்?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் முதலில் உன்னியது.

"ஒண்டு," என்றேன்.

அவள் கட்டிலில் படுத்தபடி கையை நீட்டி, மேசையிலிருந்த கொப்பியைப் பேனையோடு என் பக்கம் தள்ளிவிட்டாள்.